மீனுக்கு எத்தனை மணி நேரம்?

விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். சாலை வழியாகப் போனால் காலையில் கிளம்பினவர் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம், நடுவில் டயர் பஞ்சராகாமல் இருந்தால். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு கணக்கில் ஒன்றைத்தான் சொல்வார்கள். மீனக்கா மட்டும், "யாருக்கு? ஆளுக்கா, மீனுக்கா?" என்று திருப்பிக் கேட்பாள்.

மீனக்கா என்பது அவள் பெயர் இல்லை. விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் இருப்பவர்கள் வைத்தது. வாரத்தில் இரண்டு நாள் பொழுது விடிந்தும் விடியாமலும் தெர்மோகோல் பெட்டிகளோடு வந்து நிற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெட்டிக்குள் இருப்பவை வளர்ப்பு மீன்கள். கப்பி, மோலி, கோல்டு, ஏஞ்சல், ஃபைட்டர். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வாசல் பலகையைப் பார்த்துவிட்டுக் கூடையோடு வந்து, "கிலோ என்ன விலைங்க?" என்பார்கள். "கிலோ இல்லைங்க, ஜோடி" என்பாள் அவள். கூடை அப்படியே திரும்பிப் போகும்.

ஆளுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் மீனுக்கு அது அரை நாள். பையின் வாயைக் கட்டிய நிமிடத்திலிருந்து மீனின் பயணம் தொடங்கிவிடுகிறது. வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே எடை போடும் வரிசை, காத்திருப்பு, பறப்பு, அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு ஆள் தேடும் நேரம், ஊருக்குள் நெரிசல், கடைசியில் கடை. இவ்வளவையும் தாங்க வேண்டும் என்றால் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். தெரியாதவர்கள் தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டுப் புண்ணியம் செய்ததாக நினைப்பார்கள். மீன் தண்ணீர் போதாமல் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறது. அனுப்புவதற்கு முன்பே இரையையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிற வழியில் தன் கழிவிலேயே மிதக்கும். "விருந்துக்குப் போற மனுஷன் வயித்தைக் காயப் போடுவான், பயணம் போற மீனும் அப்படித்தான்" என்பாள் மீனக்கா.

இதெல்லாம் அவள் ஆசைப்பட்டுக் கற்றது அல்ல. மீன் அவளுடைய புருஷனின் பைத்தியம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு நின்றுவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு தொட்டி நாலானது, பிறகு மாடி முழுக்க ஆனது. "மனுஷி காலை நீட்டிப் படுக்க இடமில்ல, மீனுக்கு மாளிகை!" என்று அவள் கத்தாத நாள் கிடையாது. ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

மாடியில் இருப்பதை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது என்று மீனக்கா முடிவெடுத்தாள். ஆனால் விற்கிற வரைக்கும் அவை உயிரோடு இருக்க வேண்டுமே. இரை போட்டாள், தண்ணீர் மாற்றினாள். வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோது விசாரித்து விசாரித்து மருந்து போட்டாள். வாங்க வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோது, தனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியம். தள்ளிவிட வேண்டும் என்ற பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. மகள் படித்து முடித்துக் கண் மருத்துவமனை ஒன்றில் பார்வை சோதிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்த மாடியின் தயவில்தான்.

ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் இருந்த அந்த ஊரின் வளர்ப்பு மீன் கடைக்காரர் வாடிக்கையாக வந்து சேர்ந்தது ஒரு சண்டையோடு. முதன்முதலாக அனுப்பிய பெட்டியில் கோல்டு மீன்களில் பாதி செத்துப் போயிருந்தன. அவரே போன் செய்து சொன்னார். மீனக்காவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் கட்டுன பையில மீன் சாகாது சார். நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து கனத்த குரலில், "நிஜம்தான் மேடம். வர்ற வழியில பசி தாங்கல. வண்டியை வெயில்ல விட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன். உங்க மேல தப்பில்ல" என்றார்.

மீனக்கா அடுத்த சண்டைக்கு வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். "சரி, அடுத்த தடவை சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவர் முதலில் சொல்வது ஒரே வாசகம்: "மேடம், பொட்டி வந்துருச்சு." பிறகு எந்தப் பை எப்படி இருந்தது, எது சோர்ந்திருந்தது என்று ஒரு வர்ணனை. ஆறேழு வருஷத்தில் அந்தப் பேச்சு மீனைத் தாண்டி மழைக்கும் மின்வெட்டுக்கும் முதுகுவலிக்கும் மகளின் பரீட்சைக்கும் வளர்ந்தது. அவருடைய மனைவி எப்போதோ பிரிந்து போய் வேறு கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார் என்பதும் அப்படித்தான் தெரிய வந்தது. "மீன்கிட்ட பேசுற அளவுக்கு என்கிட்ட பேசலைன்னு சொல்லிட்டுப் போனா. யோசிச்சுப் பார்த்தா அவ சொன்னது சரிதான்" என்றார், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல.

மகள் அவருக்கு 'ஒண்ணேகால்' என்று பெயர் வைத்திருந்தாள். "அம்மா, ஒண்ணேகால் லைன்ல இருக்காரு" என்று மாடிப்படியில் நின்று கத்துவாள். கையில் வலையோடு நிற்கும் மீனக்கா, வலையை வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவாள். மற்ற வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் இருக்கிற இடத்திலிருந்தே, "அப்புறம் பேசறேன்னு சொல்லு" என்பாள். இந்த வித்தியாசத்தை மகள் கவனித்திருந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டிகளை இறக்கிவிட்டு வரிசையில் நின்றவளிடம் சரக்குப் பிரிவு ஊழியர் கையை விரித்தார்.

"அக்கா, இன்னிக்கு ஒண்ணும் பறக்காது. எறங்குன பிளேன் ஒண்ணு டயர் வெடிச்சு ஓடுபாதையிலயே குத்த வெச்சு உக்காந்திருக்கு. நாளைக்கு மதியம் சரியாயிடும்னு சொல்றாங்க."

"நாளைக்கு மதியம்னா?"

"நாளன்னிக்குக் காலையிலன்னு அர்த்தம். பொட்டிய எடுத்துட்டுப் போயிருங்க."

மற்ற நாளாக இருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பாள். இது கடைக்காரருக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. புதிதாகக் கட்டிய ஓட்டல் ஒன்றின் முன்கூடத்தில், ஒரு சுவர் அளவுக்குத் தொட்டி. ஒரு மாதமாக மணல் போட்டு, செடி நட்டு, மீனுக்கேற்பத் தண்ணீரைப் பழக்கி வைத்திருந்தார். மறுநாள் காலையில் திறப்பு. மீன் மட்டும்தான் பாக்கி. அவருடைய ஊரிலேயே வாங்கலாம்தான். ஆனால் இந்த அளவில் ஒரே சீராக வளர்ந்த ஏஞ்சல் கூட்டம் அங்கே யாரிடமும் இல்லை.

அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். "தண்ணிய மட்டும் காட்டி ரிப்பன் வெட்டச் சொல்ல வேண்டியதுதான்." அப்புறம் குரல் மாறியது. "பரவாயில்ல மேடம். மீனைத் திருப்பித் தொட்டியில விட்டுருங்க. ரெண்டு நாளா பட்டினி கெடக்கு, பாவம்."

வேலை போகிறதே என்று புலம்பியிருந்தால் அவளும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். மீனுக்காகப் பாவப்பட்டதுதான் அவளை என்னவோ செய்தது.

"சார், ரோட்டுல வந்தா நடுவுல என்ன ஊர் வரும்?"

அவர் ஒரு ஊரைச் சொன்னார்.

"நீங்க அது வரைக்கும் வாங்க. நானும் வர்றேன்."

சொன்ன பிறகுதான் வண்டி யாருடையது என்ற யோசனையே அவளுக்கு வந்தது. வண்டி அண்ணனுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன், ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கும். அண்ணன்தான் அன்றைக்கும் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு அவன் வானத்தைப் பார்த்தான்.

"மீனுக்கு பிளேன் கிடைக்கலைன்னா நான் பைலட்டா?"

"டீசல் நான் போடறேன்ண்ணா."

"டீசல் கெடக்கட்டும். வாரத்துல ஒரு நாள்தான் தூங்கறேன், அதுவும் உனக்குப் பொறுக்கல." திட்டிக்கொண்டே பெட்டிகளை இருக்கைகளில் ஏற்றினான். கயிற்றால் கட்டினான். ஈரச் சாக்கை மேலே போர்த்தினான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "இதுங்க எவ்வளவோ மேல். ஒண்ணாவது டிபன் டப்பாவைத் தூக்கி அடிக்குதா பாரு" என்றான். கோபம் அவ்வளவுதான்.

மீனக்கா அந்தச் சாலையில் அதற்கு முன் போனதில்லை. ஆயிரக்கணக்கான உயிர்களை அந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறாள், தான் போக வேண்டும் என்று தோன்றியதே இல்லை. போனில் பேசும்போது அவர் பக்கத்து அறையில் இருப்பதுபோல இருக்கும். இப்போது ஒரு சிமென்ட் ஆலை வந்தது, அதன் சாம்பல் படிந்த மரங்கள் வந்தன, வறண்ட ஆறு, மலைப்பாதை, சுரங்கப்பாதை, மறுபடியும் முடிவில்லாத வயல்கள். ஒவ்வொரு வளைவிலும், இத்தனையும் நடுவில் இருந்ததா என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், "இல்லாம? சும்மா காத்தா இருக்கும்?" என்பான்.

நடு ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் சந்திப்பதாக ஏற்பாடு. நீல நிறச் சிறிய சரக்கு வண்டி ஏற்கெனவே நிழலில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் குரலுக்கு ஆறடி உயரமும் அகலத் தோளும் இருக்க வேண்டும் என்று எப்படியோ மனதில் படிந்து போயிருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் ஒல்லியாக, சட்டைப் பையில் பேனாவோடு, தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர் மாதிரி இருந்தார். தலையில் பாதி வெள்ளை.

"மேடம்?"

"சார்."

அவ்வளவுதான் பேச்சு. நல்லவேளை, வேலை இருந்தது. அவர் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். காற்றடிக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த நிழலில் பெட்டிகளைத் திறந்தார்கள். இரண்டு பைகள் கசிந்து தொய்ந்திருந்தன. அவள் வாயை அவிழ்க்க, அவர் குழாயை விட, அவள் முறுக்க, அவர் ரப்பர் பேண்டைப் போட என்று, சொல்லி வைத்தாற்போல நாலு கைகளும் ஓடின. ஓர் ஏஞ்சல் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இருவரும் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். செவுள் அசைந்தது. "பொழைச்சுக்கும்" என்று ஒரே சமயத்தில் சொன்னார்கள். பெட்ரோல் போடும் பெண் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "இது கடிக்குமா?" என்று கேட்டாள்.

பெட்டிகள் நீல வண்டிக்கு மாறின. அண்ணன் டீயும் பன்னும் வாங்கி வந்தான். மூன்று பேரும் நின்றுகொண்டே குடித்தார்கள். டீ சூடாக இருக்கிறது என்றார் கடைக்காரர். ஆமாம் என்றாள் மீனக்கா. போனில் முதுகுவலியைப் பற்றியே அரை மணி நேரம் பேசுகிற மனிதர் மென்று முழுங்கினார். கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. அவர் வண்டிக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார். மீனக்கா வேனில் ஏறக் காலைத் தூக்கினாள். கைப்பையில் போன் அடித்தது.

"மேடம், பொட்டி வந்துருச்சு" என்றது கனத்த குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நீல வண்டியின் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் பாதி வெள்ளைத் தலை மட்டும் தெரிந்தது, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"எப்படி இருக்கு சார்?" என்றாள். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் சோர்ந்திருந்துச்சு, இப்ப தெளிஞ்சிருச்சு. நேர்ல பேச வரல மேடம். எனக்கு எப்பவும் இப்படித்தான். அடுத்த மாசம் உங்க தொட்டிங்களைப் பார்க்க வரலாமா?"

"தொட்டிங்களையா?"

"தொட்டிங்களையும்."

மீனக்காவுக்குக் காது சுட்டது. "வாங்க. ஆனா ரோட்டுல வராதீங்க, இடுப்பு கழண்டுரும். பிளேன்ல வாங்க."

திரும்பும் வழியில் மலைப்பாதை ஏறும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டான்: "அந்த ஆளு பக்கத்துல நின்னுகிட்டே எதுக்கு போன்ல பேசினாரு?"

"அங்க டவர் நல்லா கெடைச்சுதாம்."

"ஓகோ" என்றான் அண்ணன். அடுத்த வளைவு வரும் வரைக்கும் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டலில் மறுநாள் ஏஞ்சல் கூட்டம் வரிசையாக நீந்தியது. சாய்ந்து கிடந்ததும் அதில் ஒன்று. அவர் படம் அனுப்பியிருந்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்த மகள், கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த படம் பிடித்தவரின் உருவத்தைத்தான் முதலில் தேடினாள்.

சொன்ன மாதிரியே அவர் அடுத்த மாதம் வந்தார். மாடியில் ஒவ்வொரு தொட்டியாக நின்று பார்த்தார். மகள் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கடைசியில் வேலைப் பழக்கம் விடாமல், "இந்தக் கண்ணாடி உங்களுக்குச் சரியில்ல. பவர் மாத்தணும்" என்று சொல்லி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புதுக் கண்ணாடியோடு திருப்பிக் கொண்டுவந்தாள். அதுதான் அவளுடைய சம்மதம் என்று மீனக்கா புரிந்துகொண்டாள்.

அண்ணிக்குத்தான் மனசு ஆறவில்லை. "இத்தனை வருஷம் தனியா இருந்துட்டு இப்ப எதுக்கு இது? ஊர் என்ன பேசும்?"

"ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?" என்றான் அண்ணன். "அவ மீனைக் கூட ஜோடியாத்தான் விக்கறா."

ஆனால் அண்ணியின் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. யார் யார் ஊருக்குப் போவது? மாடியில் பரம்பரை பரம்பரையாக வளர்ந்த மீன்கள் இந்த ஊர்த் தண்ணீருக்குப் பழகியவை. அவருடைய கடையோ அந்த ஊர்ச் சந்தைக்கு நடுவில் வேர்விட்டது. ஒருவர் விட்டுவிட்டு வந்தால் இன்னொருவருக்கும் பிழைப்பு இல்லை. அனுப்புகிறவள் இல்லாமல் வாங்குகிறவர் இல்லை. இரண்டு மாதம் பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, யாரும் எங்கும் போவதில்லை என்று முடிவுசெய்தார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணனும் மகளும் சாட்சி. மறுநாள் அவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். "இது கல்யாணமா, கொரியரா?" என்றாள் அண்ணி.

மீனக்கா முதல் முறையாக விமானத்தில் ஏறியது அதற்கு அடுத்த வாரம். ஜன்னல் பக்கம் கிடைத்தது. கீழே சாம்பல் மரங்களையும் வறண்ட ஆற்றையும் தேடினாள். மேகம் மறைத்துக்கொண்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து முடிப்பதற்குள் இறங்கச் சொன்னார்கள். வாசலில் நின்றவரிடம், "மீனையெல்லாம் பட்டினி போட்டுத்தான் இத்தனை வருஷமா அனுப்பினேன். எனக்கு என்னமோ தின்னக் கொடுத்தாங்க" என்றாள். அவர் சிரித்தார். நேரில் சிரிக்க அவருக்கு வந்தது. பேச இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல முடியாது. அவர் சாப்பிட்ட தட்டைத் தொட்டி மேலேயே வைப்பார், ஈரத் துணியைக் கதவில் மாட்டுவார். அவள் அவருடைய கடையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வலைகளை இடம் மாற்றிவிட்டு வந்ததில், வாடிக்கையாளர் முன்னால் அவர் கால் மணி நேரம் வலை தேடினார். ஒருமுறை வாக்குவாதம் முற்றி, இருக்க வேண்டிய நாளுக்கு முன்பே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. தூரத்திலிருந்தால் அவருக்கு மன்னிப்புக் கேட்பது கைவந்த கலை. "நேர்ல கேட்டா என்னவாம்?" என்றாள். "நேர்ல கேக்கறதுக்குள்ள நீ கிளம்பிட்டியே" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் 'நீ' என்றது. அவள் அதைக் கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீனக்கா அங்கேயே தங்கிக் கடையைப் பார்த்துக்கொண்டாள். இங்கே மாடி, மகளின் பொறுப்பு. மகள் ஆண் கப்பியையும் பெண் கப்பியையும் பிரித்து வைக்க மறந்துபோனதில், மீனக்கா திரும்பி வந்தபோது தொட்டிகளில் தண்ணீரைவிடக் குஞ்சுதான் அதிகம். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

அங்கே தங்கியிருந்த நாட்களில் கடையின் மேல்தளத்தில் அவள் ஒரு தொட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த ஊர்த் தண்ணீர் கடினமானது, ஏஞ்சல் அதில் குஞ்சு பொரிக்காது என்பது அவருடைய பல வருஷ நம்பிக்கை. மழைத்தண்ணீரைப் பிடித்துக் கலந்து, தன் மாடியிலிருந்து ஒரு நல்ல ஜோடியைக் கொண்டுபோய் விட்டாள். உயரமாக ஓர் ஓட்டுத் துண்டையும் சாய்த்து வைத்தாள்.

சென்ற வாரம் சாயங்காலம் மகள் மாடிப்படியில் நின்று கத்தினாள். மீனக்கா வலையை வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஓட்டு மேல வரிசையா முட்டை போட்டிருக்கு" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "ரெண்டும் சேர்ந்து துடுப்பால முட்டைக்கு விசிறுதுங்க. நான் எதிர்லயே உக்காந்து பார்த்துகிட்டிருக்கேன். போட்டோ எடுத்து அனுப்பவா?"

"ஐயோ, எடுக்காதீங்க! பயந்துச்சுன்னா முட்டையைத் தானே தின்னுரும். எந்திரிங்க அங்கேருந்து. லைட்டை அணைங்க."

"ஒரு தடவை பார்த்துட்டு..."

"பார்த்தது போதும், கீழ இறங்கி வாங்க. நான் வெள்ளிக்கிழமை காலையில வர்றேன்."